பழுது பார்த்தல்

தமிழில் 'பழுது' என்னும் சொல்லுக்குப் பொருள்கள் பல. சிதைவு என்பது ஒரு பொருள். பயனின்மை என்பது மற்றொரு பொருள். குற்றம் என்றும் பொய் என்றுங்கூட அகராதிகள் பொருள் கூறும். பொருளுக்கு வரும் கேட்டையும் மனிதனுக்கு வரும் கேட்டையும் ஒரே சொல்லால் சுட்டுகிறது மொழி. அக்கேட்டைப் போக்கும் செயலுக்கு வழங்கும் பெயர் இன்னும் கருதத்தக்கது. 'பழுது பார்த்தல்' என்பதே அப்பெயர். மருத்துவம் பார்த்தல், கணக்குப் பார்த்தல் என்பன போல இங்கும் 'பார்த்தல்' என்பது செய்தலையே குறிக்கிறது எனலாம். உண்மைதான். எனினும், செய்தலைப் பார்த்தல் என்னும் சொல்லால் குறித்ததில் ஒரு நுட்பம் இருக்கிறது. பாராமல் செய்யும் செயல் செயலாகாது என்னும் உண்மை அச்சொல்லில் அடங்கிக் கிடக்கிறது.

இக்கருத்தை இன்றைய இல்லத்தில் வைத்து ஆராயலாம். ஒரு வீட்டில் ஓர் இயந்திரம் திடீரென நின்றுவிடுகிறது. விசையை அழுத்தினால் விளக்கு எரியவில்லை, ஒலி எழவில்லை. அப்போது அவ்வீட்டார் முதலிற் செய்ய வேண்டுவது யாது? பழுதுபார்ப்பவரை அழைப்பதா? தாமே பார்ப்பதா? தாமே பார்ப்பதாயின் எதுவரை பார்ப்பது? எங்கே நிற்பது? மேலோட்டமாக நோக்கினால் இது பணத்தையும் நேரத்தையும் பற்றிய கேள்வி. ஆழ்ந்து நோக்கினால், அறிவு, நேர்மை, பிறர்பால் கொள்ளும் மதிப்பு ஆகிய மூன்றையும் தொடும் அறக்கேள்வி.

ஓர் எடுத்துக்காட்டு

பாத்திரம் கழுவும் இயந்திரத்தை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உள்ள தமிழ் இல்லங்கள் பலவற்றில் இன்றும் பாத்திரங்களைக் கையால்தான் துலக்குகின்றனர். ஆயினும், கணவனும் மனைவியும் பணிக்குச் செல்லும் இல்லங்கள் சிலவற்றில் இவ்வியந்திரம் அடுக்களையில் இடம் பிடித்துவிட்டது.

இதன் வரலாறு சுவையானது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஷெல்பிவில் என்னும் ஊரில் வாழ்ந்தவர் ஜோசஃபின் காக்ரன் என்னும் பெண்மணி. விருந்து முடிந்தபின் கழுவும்போது தம் அரிய பீங்கான் தட்டுகளின் விளிம்புகள் உடைபடுவதைப் பொறாமல் அவர் இம்முயற்சியில் இறங்கினார் என்பர். தட்டுகளையும் கிண்ணங்களையும் அளந்து, அவற்றின் அளவுக்கேற்பக் கம்பித் தட்டிகளை அமைத்தார். ஜார்ஜ் பட்டர்ஸ் என்னும் இயந்திரத் தொழிலாளர் அவருக்குத் துணை நின்றார். 1886ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் காக்ரன் தம் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். 1893இல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சியில் அது பலரின் கவனத்தைக் கவர்ந்தது. தட்டின் இயல்பை அறிந்தவர் இல்லத்தரசி. உலோகத்தின் இயல்பை அறிந்தவர் தொழிலாளர். இருவர் அறிவும் இணைந்த இடத்தில் இயந்திரம் பிறந்தது. பிறந்தபோது தேவைப்பட்ட அந்த இணைவு, அது பழுதுபடும்போதும் தேவைப்படுகிறது.

இயந்திரம் இயங்கும் முறை கடினமானதன்று. குழாய் வழியே சிறிதளவு நீர் உள்ளே வருகிறது; மின்சாரம் அதைச் சூடாக்குகிறது; சுழலும் கைகளின் துளைகள் வழியே நீர் பாத்திரங்கள்மீது விசையுடன் தெறிக்கிறது; அழுக்கு நீர் வடிகட்டியைக் கடந்து வெளியேறுகிறது. கதவு முழுமையாக மூடினாலன்றி எதுவும் நடவாது. இவ்வளவையும் அறிய பொறியியற் கல்லூரிக்குச் செல்ல வேண்டுவதில்லை. இயந்திரத்துடன் வந்த கையேட்டைப் படித்தாலே போதும். ஆனால், அக்கையேடு பெரும்பாலும் இழுப்பறையின் அடியில் பிரிக்கப்படாமல் உறங்குகிறது. நூலை வாங்கி அடுக்கிவைத்துப் படியாதிருப்பவரை நகைக்கும் கற்றோரும் இக்குற்றத்துக்கு விலக்கல்லர்.

மூன்று குறுக்கு வழிகள்

ஒரு நாள் இரவு. தீபாவளி விருந்து முடிந்து உறவினர் விடைபெற்றுச் சென்றுவிட்டனர். பாத்திரங்களை அடுக்கி, கதவை மூடி, விசையை அழுத்துகின்றனர். இயந்திரம் உயிரற்றுக் கிடக்கிறது. இத்தகைய வேளையில் மனிதர் மேற்கொள்ளும் வழிகள் பெரும்பாலும் மூன்று.

முதல் வழி, உடனே தொலைபேசியை எடுப்பது. 'வேலை செய்யவில்லை' என்னும் ஒரு தொடரைச் சொல்லிவிட்டு, மற்ற யாவும் வருபவர் பொறுப்பு என்று அமர்ந்துவிடுவது. இரண்டாம் வழி, உடனே திருப்புளியை எடுப்பது. எதனால் நின்றது என்று எண்ணுமுன்னரே பின்பலகையைக் கழற்றி, தெரிந்ததையும் தெரியாததையும் தொட்டுப் பார்ப்பது. மூன்றாம் வழியே மிகவும் பழகியது: 'யார் இதைத் தொட்டது?' என்று கேட்பது. பணிப்பெண்ணின் முகம் வாடுகிறது. சிறுவன் அறைக்குள் நழுவுகிறான். முதிய தாயார், தாம் ஏதோ செய்துவிட்டோமோ என்று அஞ்சுகிறார்.

முதலாமவர் சோம்பலால் பார்க்கவில்லை. இரண்டாமவர் செருக்கால் பார்க்கவில்லை. மூன்றாமவர் சினத்தால் பார்க்கவில்லை. வழிகள் மூன்றாயினும் குறை ஒன்றே. மூவரும் பழுதைப் பார்க்கவில்லை.

அருகிருப்பவன்

திருக்குறளில் 'மருந்து' என்னும் அதிகாரம் 95ஆவதாக அமைந்துள்ளது. நோய் இன்னது என்று தெளிந்து, அது தோன்றிய காரணத்தைத் தெளிந்து, அதைத் தணிக்கும் வழியைத் தெளிந்து, பின்னரே செயலில் இறங்க வேண்டும் என்னும் முறை அங்கே வகுக்கப்பட்டிருக்கிறது. அவ்வதிகாரத்தின் இறுதிக் குறள் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுக்கிறது. நோயுற்றவன் ஒரு கூறு. நோய் தீர்ப்பவன் ஒரு கூறு. மருந்து ஒரு கூறு. நோயாளியின் அருகிருந்து மருந்தளித்துத் துணை செய்பவன் ஒரு கூறு. இந்நான்காமவனை வள்ளுவர் 'உழைச்செல்வான்' என்கிறார்.

முதல் மூன்றையும் யாவரும் எண்ணுவர். நான்காமவனை எண்ணியதிலேதான் வள்ளுவரின் நுண்ணறிவு விளங்குகிறது. மருத்துவர் சில நிமிடங்களே வந்து செல்கிறார். இரவு முழுவதும் விழித்திருப்பவன் அருகிருப்பவன். காய்ச்சல் எந்நேரத்தில் ஏறியது, என்ன உணவு கொடுத்தபின் வாந்தி வந்தது என்பவற்றை அவனே அறிவான். அவன் கண்டதை உள்ளபடி சொன்னால் மருத்துவரின் அறிவு கூர்மை பெறும். அவன் ஒன்றையும் காணாதிருந்தால் மருத்துவர் இருளில் தேட வேண்டும். அவனே மருத்துவனாக மாறிக் கத்தியை எடுத்தாலோ, நோயாளி பிழைப்பது அரிது.

பழுதுபட்ட இயந்திரத்தின் முன் வீட்டாரின் நிலை இந்த நான்காமவனின் நிலையே ஆகும். இயந்திரம் நோயுற்றது, பழுதுபார்ப்பவர் தீர்ப்பவர், மாற்று உறுப்பு மருந்து, வீட்டார் உழைச்செல்வார். பார்த்தலும், எளியதைச் சரிசெய்தலும், உள்ளதைச் சொல்லுதலும், எல்லையில் நிற்றலும் அவர்தம் கடமைகள். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் கடமை குறைந்ததாகவே முடியும்.

பார்க்கும் முறை

பார்த்தலுக்கு ஒரு முறை உண்டு. புறத்திலிருந்து அகத்துக்குச் செல்ல வேண்டும்; எளியதிலிருந்து அரியதற்குச் செல்ல வேண்டும்; ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றிப் பார்க்க வேண்டும்.

இயந்திரத்தில் எந்த விளக்கும் எரியவில்லை எனில், முதலில் ஐயுற வேண்டுவது இயந்திரத்தை அன்று; மின்சாரம் அதனை அடைகிறதா என்பதையே. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் சுவரிலுள்ள மின்செருகு பொருத்திக்குத் தனி விசை இருப்பது வழக்கம். அலமாரியைத் துடைக்கும்போது அவ்விசை அணைந்திருக்கலாம். செருகி சற்றுத் தளர்ந்திருக்கலாம். அதே இடத்தில் நன்றாக எரியும் ஒரு மேசை விளக்கைச் செருகிப் பார்த்தால் உண்மை விளங்கிவிடும். விளக்கும் எரியவில்லை எனில், குற்றம் இயந்திரத்தினது அன்று. அதன்பின் வீட்டின் மின்பெட்டியைப் பார்க்க வேண்டும். அங்கே ஏதேனும் ஒரு துண்டிப்பான் கீழே விழுந்திருக்கக் கூடும்.

விளக்கு எரிந்து இயந்திரம் மட்டும் இயங்காதாயின், அடுத்துக் காண வேண்டுவது செருகியினுள் இருக்கும் உருகி. இந்நாடுகளில் வழங்கும் மூன்று செவ்வகக் கால்களுடைய செருகி பிரித்தானிய அமைப்பைச் சார்ந்தது. அதற்குள்ளேயே சிறு உருகி ஒன்று இருக்கும். 230 வோல்ட்டு மின்சாரத்தில் 2,300 வாட்டு ஆற்றல் கொள்ளும் இயந்திரம் 10 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். ஆதலால், இவ்வகை இயந்திரங்களுக்கு 13 ஆம்பியர் உருகி பொருத்தப்படுகிறது. விசையை அணைத்து, செருகியைச் சுவரினின்று எடுத்த பிறகே அதனைத் தொட வேண்டும். உருகி எரிந்திருந்தால் அதே அளவுடைய புதிய உருகியை இடலாம்.

விளக்குகள் எரிந்தும் இயந்திரம் தொடங்கவில்லை எனில், கதவைக் காண வேண்டும். உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கரண்டியின் காம்பு போதும், கதவு முழுதும் மூடாமல் தடுக்க. மூடாத கதவை உணரும் சிறு விசை, இயந்திரத்தை இயங்க விடாது. குழந்தைகள் தொடாதிருக்க அமைத்த பூட்டு விழுந்திருக்கலாம்; சில மணி நேரம் கழித்துத் தொடங்குமாறு யாரேனும் நேரம் குறித்திருக்கலாம். இயந்திரம் தன் முகப்பில் எழுத்தும் எண்ணுமாக ஏதேனும் காட்டினால், அதைக் குறித்துக்கொண்டு கையேட்டில் பொருள் காண வேண்டும்.

நீர் வரும் குழாய் திறந்திருக்கிறதா, அதன் நெளிகுழாய் மடங்கியிருக்கிறதா, வடிகட்டியில் உணவுத் துகள் அடைத்திருக்கிறதா என்பவையும் வீட்டார் காணத்தக்கவையே. இவை யாவற்றையும் பார்க்கக் கால் மணி நேரமே ஆகும். கருவியென எதுவும் வேண்டுவதில்லை. கண்ணும் பொறுமையும் வேண்டும்.

நிற்குமிடம்

பார்க்கத் தெரிந்தவன் நிற்கவும் தெரிந்திருக்க வேண்டும். இதுவே இரண்டாவது பாடம், முதற்பாடத்தினும் அரியது.

உருகியின் இயல்பை எண்ணிப் பார்க்கலாம். அளவுக்கு மீறிய மின்னோட்டம் வரும்போது அது தான் உருகி, கம்பியையும் வீட்டையும் காக்கிறது. புதிதாக இட்ட உருகியும் உடனே எரிந்துவிட்டால், அது உருகியின் குறையன்று. உள்ளே வேறொரு குறை இருக்கிறது என்பதற்குச் சான்று. அந்நிலையில் உருகிக்குப் பதிலாகக் கம்பித் துண்டையோ வெள்ளித் தாளையோ வைப்பவர், காவற்காரனைக் கட்டிப்போட்டுவிட்டுக் கள்ளனுக்குக் கதவைத் திறப்பவர் ஆவார்.

மின்கசிவுத் துண்டிப்பானும் அத்தகையதே. வீடுகளில் பொருத்தப்படும் துண்டிப்பான் பொதுவாக 30 மில்லியாம்பியர் அளவுக் கசிவிலேயே மின்சாரத்தை நிறுத்திவிடும். சிங்கப்பூரில் 1985ஆம் ஆண்டு ஜூலைக்கு முன் கட்டிய பழைய வீடுகள் உட்பட எல்லா வீடுகளிலும் இது இருந்தாக வேண்டும் என்னும் விதி 2023 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. பொருத்துவதற்கு ஈராண்டுக் காலம் அளிக்கப்பட்டது. இயந்திரத்தின் செருகியை இணைக்கும்போதெல்லாம் இத்துண்டிப்பான் விழுகிறது எனில், நீரும் மின்சாரமும் கூடும் இடத்தில் ஏதோ கசிவு நேர்ந்துள்ளது என்பது பொருள். அதனை மீண்டும் மீண்டும் மேலே தள்ளுவது முயற்சியன்று, எச்சரிக்கையை இகழ்தல். செருகியை எடுத்துவிட்டு, அப்படியே விட்டு, உரியவரை அழைப்பதே அறிவு.

இன்னொன்றும் உண்டு. இயந்திரங்கள் பலவற்றின் அடித்தட்டில் ஒரு மிதவை இருக்கிறது. எங்கேனும் நீர் கசிந்து அடித்தட்டில் தேங்கினால் மிதவை மேலெழுந்து இயந்திரத்தை நிறுத்திவிடும். இதனை அறிந்த சிலர் இயந்திரத்தைச் சாய்த்து நீரை வடித்துவிடுகின்றனர். மிதவை தாழ்கிறது, இயந்திரம் மீண்டும் ஓடுகிறது. பழுது நீங்கியதா? இல்லை. கசிவு அப்படியே இருக்கிறது. அதைச் சொல்ல வந்த சாட்சியின் வாய்தான் அடைபட்டது. காரணத்தை நீக்காமல் அறிகுறியை நீக்குவது, பழுது என்னும் சொல்லின் இன்னொரு பொருளாகிய பொய்யில் கொண்டுபோய் விடுகிறது.

மோட்டார், சூடேற்றி, மின்னணுப் பலகை ஆகியவை இருக்கும் உட்பகுதி வீட்டார்க்குரிய இடம் அன்று. செருகியை எடுத்த பின்னும் சில உறுப்புகளில் மின்னேற்றம் தங்கியிருக்கும். சுவருக்குள் ஓடும் மின்கம்பிகளைத் தொடுவதோ, தகுதிச் சான்று பெற்றவர்க்கே உரியது.

இவ்வெல்லையைச் சட்டமே வகுத்துக் காட்டிய இடமும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச்சு முதல் நடப்பில் உள்ள விதி, பாத்திரம் கழுவும் இயந்திரங்களின் மாற்று உறுப்புகளை இரு வகையாகப் பிரிக்கிறது. மோட்டார், நீரேற்றி, சூடேற்றி, மின்னணுப் பலகை முதலியவற்றை இயந்திர வகையின் விற்பனை முடிந்த பின்னும் குறைந்தது 7 ஆண்டுகளுக்குத் தொழில்முறைப் பழுதுபார்ப்பவர்க்குக் கிடைக்கச் செய்ய வேண்டும். கதவின் கீல், நீர்க்காப்புப் பட்டை, நீர் தெளிக்கும் கைகள், வடிகட்டி, கூடைகள் ஆகியவற்றைப் பழுதுபார்ப்பவர்க்கு மட்டுமன்றி வீட்டார்க்கும் குறைந்தது 10 ஆண்டுகளுக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும். வீட்டார் கை வைக்கத்தக்கது இது, கை வைக்கத்தகாதது இது என்பதை அப்பட்டியல் தெளிவாக்குகிறது. உழைச்செல்வானுக்கும் தீர்ப்பவனுக்கும் இடையே வள்ளுவர் கண்ட வேறுபாடு அங்கே சட்டத்தின் உருவில் நிற்கிறது.

எழும் தடைகள்

இக்கருத்தை மறுப்போர் இருக்கக் கூடும். 'ஆசிரியர்க்குப் பாடம் நடத்துவது தொழில். பழுதுபார்ப்பவர்க்குப் பழுது பார்ப்பது தொழில். அவரவர் தொழிலை அவரவர் செய்வதே முறை. கூலி கொடுக்கும்போது குனிந்து பார்க்க வேண்டிய கடமை எங்கிருந்து வந்தது?' என்று அவர்கள் வினவுவர். தொழிற்பிரிவு சமுதாயத்துக்கு இன்றியமையாதது என்பதில் ஐயமில்லை. ஆனால், அணைந்த விசையைப் போடுவது எத்தொழிலின் பகுதியும் அன்று. பணம் உழைப்பை வாங்கும். கவனத்தை விற்றுவிட முடியாது. தன் வீட்டில் உள்ளதைத் தான் அறிந்திருத்தல் கூலிக்கு விடத்தக்க பொறுப்பன்று.

'எல்லாரும் தாமே பார்த்துக்கொண்டால் பழுதுபார்ப்பவரின் பிழைப்பு என்னாவது?' என்பது இரக்கத்திலிருந்து எழும் இன்னொரு தடை. இது எளிதில் தள்ளத்தக்கதன்று. அவருக்கும் குடும்பம் உண்டு. வந்து பார்ப்பதற்கான கட்டணமும் அவர் வருவாயில் ஒரு பகுதியே. எனினும், கைவினை கற்ற ஒருவரை நகரின் ஒரு கோடியிலிருந்து வரவழைத்து, நெரிசலில் காக்கவைத்து, கடைசியில் கதவிடையே சிக்கிய கரண்டியை எடுக்கச் செய்வது அவர் கல்விக்குச் செய்யும் சிறப்பாகாது. அதே நேரத்தில் வேறொரு வீட்டில் அவர் வருகைக்காகக் காத்திருப்பவர் உண்மையான தேவை உடையவராக இருக்கலாம். ஒருவரின் திறமையை அதற்குரிய இடத்தில் நாடுவதே அவரை மதிக்கும் வழி. மருத்துவமனையின் அவசரப் பிரிவைச் சிறு தும்மலுக்கெல்லாம் நாடுவோர் மருத்துவரை மதிப்பவர் ஆகார்.

மூன்றாவது தடை ஒன்றும் உண்டு. முதியோரும் உடல்நலங் குன்றியோரும் குனிந்தும் நகர்த்தியும் பார்க்க இயலாதே என்பது அது. இயலாதவர்மேல் எவ்வறமும் பாரம் ஏற்றுவதில்லை. அவர்கள் தயங்காமல் பிறரை அழைக்கலாம். அண்டை வீட்டு இளைஞன் ஒருவன் வந்து பார்த்துக் கொடுப்பானாயின், அதுவும் அருகிருப்பவனின் கடமையே.

காரணமும் குற்றவாளியும்

எல்லாவற்றினும் ஆழ்ந்து எண்ண வேண்டியது 'யார் தொட்டது?' என்னும் கேள்வியைத்தான். காரணம் தேடுவதும் குற்றவாளி தேடுவதும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல் தோன்றும். இரண்டும் நேர்மாறான பயனைத் தரும்.

'என்ன நடந்தது?' என்று கேட்கும் வீட்டில், 'மதியம் ஓடும்போது ஒரு வாசனை வந்தது' என்று பணிப்பெண் சொல்வாள். 'நான் பொத்தானை நெடுநேரம் அழுத்தினேன்' என்று சிறுவன் சொல்வான். இரண்டும் பயனுள்ள செய்திகள். நெடுநேரம் அழுத்தியதால் குழந்தைப் பூட்டு விழுந்திருக்கலாம். வாசனை வந்ததாயின் எதையும் தொடாமல் செருகியை எடுத்துவிட வேண்டும். 'யார் தொட்டது?' என்று கேட்கும் வீட்டிலோ இருவரும் வாய் திறவார். அச்சம் உண்மையை விழுங்கிவிடும். தொலைதூர நாட்டிலிருந்து பிழைப்புக்காக வந்த பெண்ணின் சம்பளத்தில் கைவைக்கும் பேச்சும் சில வீடுகளில் எழுவதுண்டு. பின்னர்ப் பழுதுபார்ப்பவர் வந்து, பன்னீராண்டு உழைத்த ஓர் உறுப்பு தன் ஆயுள் முடிந்து நின்றது என்று சொல்லும்போது, இயந்திரம் திருந்திவிடும். வாடிய முகம் திருந்துமா? ஓர் உறுப்பு தேய்ந்ததற்கு ஒரு மனிதர் பழி சுமந்தார் எனில், அவ்வீட்டில் நேர்ந்த பெரிய பழுது இயந்திரத்தில் நேர்ந்தது அன்று.

பழுதுபார்ப்பவரிடம் உண்மை பேசுவதும் இதன் தொடர்ச்சியே. பின்பலகையைத் தாமே கழற்றிவிட்டுப் பின்பு மாட்டிவைத்து, 'யாரும் தொடவில்லை' என்று சொல்வோர் உளர். உறுதிச் சலுகை போய்விடும் என்னும் அச்சமும், அறியாமை வெளிப்படும் என்னும் நாணமும் அவ்வாறு சொல்லத் தூண்டுகின்றன. ஆனால், அப்பொய்யை நம்பி ஒருவர் அந்த இயந்திரத்தினுள் கை நுழைக்கப் போகிறார். இடம் மாறிய ஒரு கம்பி அவர் உயிருக்கே ஊறு செய்யலாம். ஆகவே, 'இன்னின்னவற்றைப் பார்த்தோம். உருகியை ஒரு முறை மாற்றினோம். துண்டிப்பான் இரண்டு முறை விழுந்தது. அதற்குமேல் தொடவில்லை' என்று உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். அந்த நான்கு தொடர்கள் அவருக்கு அரை மணி நேரத்தை மிச்சப்படுத்தும்; சில வேளை அவரையே காப்பாற்றும்.

வகுப்பறையிலும் இதே முறை

தமிழாசிரியர்க்கு இதில் ஒரு குறிப்பு உண்டு. மாணவன் இயந்திரம் அல்லன். ஆயினும், கேட்ட வினாவுக்கு விடையளிக்காமல் அமர்ந்திருக்கும் மாணவனைக் காணும்போதும் அம்மூன்று குறுக்கு வழிகளே கண்முன் விரிகின்றன. உடனே ஆலோசகரிடம் அனுப்பிவிடுவது ஒன்று. தாமே அவன் உள்ளத்தைக் கிளறி ஆராய முற்படுவது ஒன்று. 'வீட்டில் தமிழ் பேசுவதில்லை. பெற்றோரே காரணம்' என்று குற்றவாளியை முடிவுசெய்வது ஒன்று. பலகையில் எழுதியது அவன் கண்ணுக்குத் தெரிகிறதா, காலையில் ஏதேனும் உண்டானா, வினாவின் சொல் அவனுக்குப் புரிந்ததா என்னும் எளியவற்றை முதலிற் பார்ப்பவரே அருகிருக்கும் ஆசிரியர். அவற்றைப் பார்த்தும் தீராத துயரம் உள்ளே இருப்பதாகத் தோன்றினால், அங்கே நின்று, உரியவரிடம் உள்ளதைச் சொல்லி ஒப்படைப்பதும் அவர் கடமையே.

பாராத காலம்

இன்றைய உலகம் பாராமல் எறியும் உலகமாக மாறி வருகிறது. 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் 6 கோடியே 20 இலட்சம் டன் மின்னணுக் கழிவு சேர்ந்தது என்று ஐக்கிய நாடுகளின் அமைப்புகள் 2024இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகக் கணக்கில் வந்தது 22.3 விழுக்காடே. அக்குவியலில் உருகி ஒன்றை மாற்றினால் ஓடக்கூடிய பொருள்களும் கிடக்கும் என எண்ணுவது மிகையாகாது.

இப்போக்குக்கு எதிராகவும் சிலர் நிற்கின்றனர். 2009ஆம் ஆண்டு அக்டோபரில் ஆம்ஸ்டர்டாம் நகரில் மார்ட்டினா போஸ்ட்மா என்னும் பெண்மணி, மக்கள் கூடித் தம் பொருள்களைத் தாமே பழுதுபார்க்கும் அரங்கு ஒன்றைத் தொடங்கினார். சிங்கப்பூரில் 2014இல் 'ரிப்பேர் கோப்பிக்கடை' என்று பொருள்படும் பெயருடன் அத்தகைய முயற்சி தோன்றியது. அங்கே பழுதான பொருளைக் கொடுத்துவிட்டுப் போவது நோக்கமன்று. பொருளுக்குரியவர் உடனமர்ந்து, தொண்டர் ஒருவரின் வழிகாட்டலில் தாமும் பார்க்க வேண்டும். அருகிருப்பவனைத் தீர்ப்பவனின் அருகில் அமர்த்தும் அந்த ஏற்பாடு போற்றத்தக்கது.

அறம் என்பது போர்க்களத்திலும் அரசவையிலும் மட்டும் சோதிக்கப்படுவதன்று. எண்ணெய்ப் பிசுக்குள்ள பாத்திரங்கள் குவிந்து கிடக்கும் இரவில், அசையாத இயந்திரத்தின் முன்னும் அது சோதிக்கப்படுகிறது. அப்போது சினவாமல் பார்ப்பவர், எளியதைத் தம் கையால் செய்பவர், அறியாததன் முன் நிற்பவர், கண்டதை மறையாமல் சொல்பவர் ஆகியோர் வீட்டிலுள்ள இயந்திரம் ஒரு வேளை அன்றிரவு ஓடாமற் போகலாம். பாத்திரங்களைக் கையால் துலக்கிக்கொள்ளலாம். அதற்கு இரண்டு கைகள் போதும், உடன் நிற்க இன்னும் இரண்டு கைகள் இருந்தால் விரைவில் முடியும். அங்கே பழிக்கு ஆளானவர் எவரும் இல்லை. பொய் சொன்னவர் எவரும் இல்லை. பழுது இயந்திரத்தோடு நின்றது, மனிதரிடம் பரவவில்லை. பழுது பார்த்தலின் முதற்பயன் அதுவே.